விசில் கைக்கு வந்துவிட்டதா? நெல்லைச் சீமையில் முதல் தடவை ரெஃப்ரி ஆகிறவருக்கு

கோயில் கொடை, மாதா திருவிழா, பொங்கல் என்று எது வந்தாலும் நம் பக்கம் ஒரு செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) டோர்னமெண்டும் கூடவே வந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி என்று கடற்கரை நெடுக மணலில் ஓடிப் பழகிய பையன்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆட ஆளுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சமெல்லாம் விசிலுக்குத்தான். கடைசி நேரத்தில் "நீ ரூல்ஸ் எல்லாம் படிச்சவன்லா, நீயே ஊதிருடே" என்று யாராவது ஒரு அண்ணாச்சி உங்கள் கையில் விசிலைத் திணித்துவிட்டுப் பந்தல் நிழலுக்குப் போய்விடுவார். அப்படித் திணிக்கப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபவுல் எது, ஹேண்ட் எது என்பதெல்லாம் ஆடிய ஆளான உங்களுக்குத் தெரியும். முதல் ஆட்டத்தில் உங்களைக் கவிழ்க்கப் போவது அவை இல்லை. முடிவு சொன்னதும் ஏழு பேர் சுற்றி நின்று வாதாடி மல்லுக்கட்டுவார்கள், அது ஒன்று. ஒரு கோல் முன்னால் இருக்கிற டீம் பந்தை ஆடாமலே நேரத்தைக் கடத்தும், அது இன்னொன்று. சமீப வருடங்களில் கால்பந்துச் சட்டத்தில் வந்த மாற்றங்களில் பல இந்த இரண்டையும் குறிவைத்தவை. அவற்றில் நம் மைதானத்துக்கு ஒத்துவருவதை எப்படிச் செயல்படுத்துவது என்று வேலை வரிசையிலேயே சொல்கிறேன்.

முந்தின நாள்: ஒரு தாள், மூன்று பந்து

கால்பந்துச் சட்டத்தை எழுதுவது ஃபிஃபா என்று பலரும் நினைக்கிறார்கள். எழுதுவது 1886-இல் தொடங்கிய ஐஃபாப் என்ற வாரியம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்குத் தலைக்கு ஓர் ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு. எட்டில் ஆறு விழுந்தால்தான் சட்டத்தில் ஒரு வரி மாறும். வருடத் தொடக்கத்தில் கூடி முடிவெடுப்பார்கள், வழக்கமாக ஜூலை 1 முதல் அமலாகும். ஆகவே உங்கள் மைதானத்தில் ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு வருடத்துச் சட்டம் ஓடும். ஒருவருக்கு அவர் பள்ளி டீமில் ஆடிய காலத்துச் சட்டம், இன்னொருவருக்கு நேற்று ராத்திரி டிவியில் பார்த்தது. சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுகிற அன்றைக்கே கமிட்டியோடு உட்கார்ந்து ஒரு தாளில் நாலே வரி எழுதி வாங்குங்கள்:

கோலி (கோல்கீப்பர்) கையில் பந்து எட்டு வினாடிதான். மீறினால் எதிரணிக்குக் கார்னர் கிக்.
ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும் பேசலாம்.
ரெஃப்ரியோடு மல்லுக்கட்டினால் எல்லோ கார்டு, கூடவே நாலு நிமிடம் வெளியே.
ஆள் மாற்றும்போது (சப்) வெளியே போகிறவர் தனக்குப் பக்கத்தில் இருக்கிற கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும்.

இதில் எல்லா கேப்டனும் கையெழுத்துப் போடட்டும். தாள் உங்கள் பையில் இருக்க வேண்டும். நாளைக்கு "இது எந்த ஊர்ச் சட்டம்?" என்று கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அவர் டீம் கேப்டனின் கையெழுத்தே சொல்லும்.

மூன்றாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பது பெரிய போட்டிகளுக்கானது இல்லை. சிறுவர், மூத்தோர், அடித்தட்டு ஆட்டங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அந்தந்த நாட்டுச் சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தில் பதிவான போட்டிக்கு விசில் பிடிக்கிறீர்கள் என்றால் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க் கமிட்டி தானாக நடத்துகிற செவன்ஸ் என்றால் கமிட்டி முடிவுதான்.

அப்புறம் பந்து. நம் மைதானங்களுக்கு வேலி கிடையாது. ஒரு பக்கம் உடைமரம், இன்னொரு பக்கம் வாழைத்தோட்டம் அல்லது கால்வாய். பந்து வெளியே போனால் எடுத்து வர ஓடுவது ஒரு சின்னப் பையன். அவன் டீம் தோற்றுக்கொண்டிருந்தால் குதிரை மாதிரி ஓடுவான். ஜெயித்துக்கொண்டிருந்தால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, முள் பார்த்து, நிதானமாக நடப்பான். ஆடுகிறவன் நேரம் கடத்தினால் கார்டு காட்டலாம், எட்டு வயதுப் பையனை என்ன செய்ய? மூன்று பந்து கேளுங்கள். ஒன்று ஆட்டத்தில், ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் ஒன்று. பின்னால் நிற்கிறவர் கமிட்டி ஆளாக இருக்கட்டும். உடைமுள் குத்தினால் மூன்றும் இரண்டாகும், அதனால் பம்ப்பும் இருக்கட்டும்.

மைக் பிடிக்கிற அண்ணாச்சியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஸ்கோர் சொல்லட்டும், பேர் சொல்லட்டும், நன்கொடை கொடுத்தவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாழ்த்தட்டும். "ரெஃப்ரி அவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்" என்று மட்டும் ஒலிபெருக்கியில் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு வரி போதும், ஐந்நூறு பேரும் ரெஃப்ரி ஆகிவிடுவார்கள்.

டாஸ் போடும்போது

டாஸுக்கு இரண்டு கேப்டன்களும் வருவார்கள். காசைச் சுண்டும் முன்னால் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 யூரோ போட்டியில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. ரெஃப்ரி தன் முடிவைக் கேப்டனிடம் விளக்குவார், மற்றவர்கள் சூழ்ந்தால் எல்லோ. அது நன்றாக வேலை செய்ததால் 2025-26 சட்டப் புத்தகத்தில் எல்லோருக்குமான வழிகாட்டுதலாகவே சேர்ந்துவிட்டது. கேப்டனே கோலியாக இருந்தால், அவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வர முடியாது அல்லவா? அதற்காக இன்னொரு ஆட்டக்காரரின் பெயரை டாஸிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, புதிதாக வருகிற பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கேப்டன் மரியாதையாகக் கேட்டால் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். "கால்ல பட்ட பிறகுதான் பந்துல பட்டுச்சு" என்று ஒரு வாக்கியம் போதும். கேப்டனுக்கும் மற்றவர்களைத் தள்ளி நிறுத்துகிற பொறுப்பு இருக்கிறது. நல்ல கேப்டன் வாய்த்தால் உங்கள் வேலையில் பாதியை அவனே பார்த்துக்கொள்வான். "ஏ மக்கா, நீ போ. நான் பேசிக்கிடுதேன்" என்று அவன் சொல்வதைக் கேட்டுவிட்டால் அன்றைய ஆட்டம் நல்லபடியாக முடியும் என்று நம்பலாம்.

கோலியும் எட்டு வினாடியும்

கோலி நேரம் கடத்துவது பழைய வியாதி. 1990 உலகக் கோப்பையில் பின்னால் நிற்கிறவன் கோலிக்குத் தட்ட, கோலி கையில் எடுக்க, திரும்ப உருட்ட என்று பார்த்தவர்களுக்கே கொட்டாவி வந்தது. 1992-இல் தன் டீம் ஆள் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கோலி கையால் தொடக் கூடாது என்று ஆனது. பிறகு ஆறு வினாடிக் கணக்கு வந்தது. மீறினால் கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள்ளேயே எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாது, இன்னொருவர் தொட வேண்டும்). புத்தகத்தில் பலமான தண்டனைதான். ஆனால் கோலுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தை வைத்து, மொத்த டீமும் கோட்டில் வரிசை கட்டி நிற்க, அந்தக் கலவரத்தை எந்த ரெஃப்ரி விரும்பி வரவழைப்பார்? ஊதாமலே விட்டார்கள். கோலிகளுக்கும் அது தெரியும். பதினைந்து வினாடி, இருபது வினாடி என்று பந்தைத் தாலாட்டினார்கள்.

2025 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் கூடிய ஐஃபாப் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. நேரத்தை ஆறிலிருந்து எட்டாகக் கூட்டி, தண்டனையை ஃப்ரீ கிக்கிலிருந்து கார்னராகக் குறைத்தார்கள். இளகிவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் அதற்குப் பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது, ஏனென்றால் கார்னர் கொடுக்க எந்த ரெஃப்ரிக்கும் கை நடுங்காது. அந்த வருடம் ஜூனில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்க மாமெலோடி சன்டவுன்ஸ் டீம் கோலி ரான்வென் வில்லியம்ஸ் இதில் மாட்டினார். நம் ஊரிலும் இதே கணக்குதான். கொடுக்க முடிகிற சின்னத் தண்டனையைத் தயங்காமல் கொடுங்கள், கொடுக்கவே போகாத பெரிய தண்டனையைச் சொல்லி மிரட்டாதீர்கள்.

எண்ணும் விதம் இது. பந்து கோலியின் கையில் உறுதியாக அடங்கிய பிறகுதான் கணக்கு தொடங்கும். தட்டுத்தடுமாறிப் பிடிக்கும்போதோ, மேலே ஆள் விழுந்து கிடக்கும்போதோ தொடங்காது. முதல் மூன்று வினாடியை மனதுக்குள் எண்ணுங்கள். நாலாவதில் கையை நன்றாக உயர்த்தி ஐந்து விரலையும் காட்டி, வினாடிக்கு ஒன்றாக மடக்குங்கள். கோலிக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். மடங்கி முடிந்தும் பந்து கையில் இருந்தால் விசில். கோலி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மூலையில் கார்னர். இதற்கு உடனே கார்டு வேண்டாம், திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும். எதிரணி ஆள் கோலியை மறித்து நின்றால் தப்பு அவன்மேல், கோலிமேல் கணக்கு ஓட்டாதீர்கள்.

கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் அரையிறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம், இன்னும் நாலு நிமிடம். முன்னால் இருந்த டீம் கோலி ஒரு சாதாரணப் பந்தைப் பிடித்தான். பிடித்தவன் அதை நெஞ்சோடு அணைத்துக் குப்புறப் படுத்தான். எழுந்தான். காலுறையை இழுத்துவிட்டான். மணலைத் தட்டினான். நான் கையைத் தூக்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்த பொடியன்கள் "அஞ்சு... நாலு..." என்று ஆரம்பித்தார்கள். "மூணு"க்கு மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கூட்டம் தனக்காகத்தான் கத்துகிறது என்று கோலி நினைத்தான் போல, சிரித்துக்கொண்டே நின்றான். "ஒண்ணு!" விசில் அடித்து மூலையைக் காட்டினேன். "என்ன சார், பந்து எங்கிட்டல்லா இருக்கு?" என்றான். அந்தக் கார்னரில் கோல் விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் பந்தை அவன் சுடுகிற கிழங்கை வாங்கிப் போடுகிற மாதிரி போட்டான்.

மற்ற சில்லறைத் திருட்டுகள்

த்ரோ போடப் போவது மாதிரி நின்று, கடைசியில் பந்தைக் கீழே போட்டுவிட்டு இன்னொருவனைக் கூப்பிடுவது. விசில் அடித்த பிறகு பந்தைத் தட்டிவிடுவது, கையில் எடுத்துக்கொண்டு நடப்பது. ஃப்ரீ கிக்கை வேண்டுமென்றே தப்பான இடத்தில் வைத்து அடித்து, திரும்ப அடிக்க வைப்பது. சட்டப் புத்தகம் இவற்றைப் பெயர் சொல்லியே எல்லோ கார்டுக்கு உரியவை என்கிறது. முதல் பாதியில் முதல் தடவை நடக்கும்போதே காட்டுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் முதல் கார்டை எடுத்தால் "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்பார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

சப் விஷயம் சுலபம். 2019 முதல் வெளியேறுகிறவர் தான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும், மைதானத்தைச் சுற்றிக் கைகொடுத்து விடைபெறக் கூடாது. ரெஃப்ரி வேறு இடத்தைக் காட்டினால் மட்டும் விதிவிலக்கு. எதிரணி ரசிகர் கும்பலாக நிற்கிற பக்கம் என்றால் நீங்களே வேறு பக்கம் காட்டிவிடுங்கள்.

பெனால்டியில் கோலி போஸ்டைத் தொட்டு, வலையை ஆட்டி, அடிப்பவனிடம் வம்பளந்து இழுத்தடிக்கக் கூடாது. 2022 கத்தார் உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்டினெஸ் காட்டிய வித்தைகளுக்குப் பிறகு 2023-இல் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஃப்ரீ கிக்கை மறிக்க எதிரணி வரிசை கட்டி நிற்கிற சுவர் நகராவிட்டால் பந்தை முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி ஒரு பெரியவர் கோட்டோரம் நின்று கத்தக்கூடும். அவர் கனவு காணவில்லை. இங்கிலாந்தில் 2000 வாக்கில் பத்து கஜம் முன்னே தள்ளிப் பார்த்தார்கள், 2005-இல் கைவிட்டார்கள். இப்போது கிடையாது. 9.15 மீட்டர் தள்ளி நிற்காதவனுக்கு எல்லோ, அவ்வளவுதான். சின்ன மைதானத்தில் செவன்ஸ் என்றால் எத்தனை தப்படி என்று கமிட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

காற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் கோல் கிக்குக்கு வைத்த பந்து தானாக உருண்டு ஓடும். ஓடுகிற பந்தை அடிக்க முடியாது, திரும்ப வைக்கத்தான் வேண்டும். அது நேரக் கடத்தல் இல்லை. காலால் மண்ணைக் குவித்து வைக்கச் சொல்லுங்கள்.

கடிகாரம்

இரண்டு வேண்டும். ஒன்று விசிலோடு ஓட ஆரம்பித்தால் நிற்காது. இன்னொன்று ஸ்டாப் வாட்ச், வீணாகிற நேரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே வரும். சப், காயம், கார்டு, தண்ணீர் இடைவேளை, கோல் அடித்த கொண்டாட்டம், நேரக் கடத்தல் எல்லாம் அதில் சேரும். கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் கூட்டினார்கள், ஈரான் கோலிக்குத் தலையில் அடிபட்டு நெடுநேரம் போனதால். வீணானதைத் திருப்பித் தருவார்கள் என்று தெரிந்தால் கீழே விழுந்து புரளுகிறவனுக்கு ஆர்வம் போய்விடும்.

நம் ஊரில் இதற்கு எதிரி சூரியன். கடைசி ஆட்டத்தை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கிவிட்டு, ஆறு நிமிடம் கூட்டுகிறேன் என்றால் பந்து யார் கண்ணுக்கும் தெரியாது. இருபது இருபது நிமிட ஆட்டம் என்றாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டும் நிமிடத்தைப் பாதி முடியும் முன்னால் மைக்கில் சொல்ல வைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மல்லுக்கட்டு

இதில் காது பழக வேண்டும். வெளியூரிலிருந்து விசில் பிடிக்க வந்தவர் ஒருவர், ஒரு பையன் "ஏலே" என்று கத்தியதும் தன்னைத்தான் திட்டுகிறான் என்று கார்டை எடுத்துவிட்டார். அவன் கூப்பிட்டது தன் டீம் பையனை. திருநெல்வேலியில் "லே" பாசத்துக்கும் வரும், சண்டைக்கும் வரும். யாரைப் பார்த்து, எந்தக் குரலில் என்று பாருங்கள். "ச்சே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறவன் தன் விதியைத்தான் நோகிறான், விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து ஓடி வந்து முகத்துக்கு நேரே நிற்கிறவன், கிண்டலாகக் கைதட்டுகிறவன், பந்தைக் கோபத்தில் தரையில் அறைகிறவன், வீடியோ பார்க்கச் சொல்லி விரலால் டிவிப் பெட்டி வரைந்து காட்டுகிறவன் எல்லோருக்கும் எல்லோ. இங்கே எந்த டிவி இருக்கிறது, மைக்செட் மட்டும்தானே!

நாலு நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது? வெளியே இருக்கும் நேரம் மொத்த ஆட்ட நேரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது ஐஃபாப் சொன்ன அளவு. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு இங்கிலாந்தில் பத்து நிமிடம் வைத்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு நாலு. அங்கே 31 லீக்குகளில் சோதித்தபோது மல்லுக்கட்டு 38 சதவீதம் குறைந்தது என்று சங்கம் சொன்னது, பிறகு 2019-20 முதல் அடித்தட்டு ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். செவன்ஸில் இதன் அடி இன்னும் பலம். ஏழில் ஒருத்தன் இல்லை என்றால் மிச்சம் ஆறு பேரும் அவன் வாயைத் திட்டிக்கொண்டே ஓடுவார்கள்.

செய்முறை: கார்டைக் காட்டி, இரண்டு கையாலும் வெளியே உட்காரும் இடத்தைக் காட்டுங்கள். அவன் வெளியேறி ஆட்டம் திரும்பத் தொடங்கிய பிறகுதான் நேரம் ஓடும். அதுவரை பதிலாள் கிடையாது. வெளியே போகிறவன் கோலி என்றால் உள்ளே இருப்பவன் ஒருவன் கையுறை மாட்டட்டும். நீங்கள் கையசைத்த பிறகே அவன் உள்ளே வரலாம். இரண்டாவது தடவையும் வெளியே போனால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. இது மல்லுக்கட்டுக்கு மட்டும் என்று நான் வைத்துக்கொள்வேன், ஃபவுலுக்கு வழக்கமான எல்லோ போதும்.

கோச்சுகளுக்கும் 2019 முதல் கார்டு உண்டு. யார் கத்தினார்கள் என்று தெரியாவிட்டால் அங்கே இருக்கிற மூத்த கோச்சுக்குக் காட்டலாம். கோட்டோரம் கத்துகிற ஊர்ப் பெரியவருக்குக் கார்டு கிடையாது. அவரிடம் நீங்கள் பேசவே வேண்டாம், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கமிட்டித் தலைவரைக் கூப்பிடுங்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்க" என்று அவர் ஊர்க்காரர் சொன்னால்தான் அவர் உட்காருவார்.

ஒன்றில் மட்டும் நாலு நிமிடமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தாயை, தங்கையை, சாதியை இழுத்துத் திட்டினால் நேராக ரெட். உங்களைத் திட்டினாலும் சரி, எதிரணியைத் திட்டினாலும் சரி, தன் டீம் ஆளையே திட்டினாலும் சரி. "சும்மா கோபத்துல வந்துட்டு சார்" என்று கேப்டன் கெஞ்சுவான், கமிட்டியிலிருந்தும் ஒருவர் வந்து தோளில் கைபோடுவார். நம் மாவட்டத்தில் அந்த ஒரு வார்த்தை மைதானத்தோடு நிற்பதில்லை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை போகும். கார்டைக் காட்டி, நேரத்தையும் எண்ணையும் குறித்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விசில் அடித்து முடிந்ததும்

ஸ்கோர் புத்தகத்தில் கோல், கார்டு, வெளியே போனவர் எண் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு தண்ணீர் குடிக்கப் போங்கள். தோற்ற டீமோடு அந்த நேரத்தில் சட்டம் பேச வேண்டாம், மறுநாள் பேசலாம்.

டீக்கடையில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பேசுங்கள். அந்த அரையிறுதி முடிந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கோலி வந்து பக்கத்தில் நின்றான். "சார், எட்டு ஆகல. ஏழுதான் ஆச்சு. தம்பி வீடியோ எடுத்திருக்கான், பாருங்க" என்று போனை நீட்டினான். கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பந்து அடங்கிய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கீழே ஓடுகிற எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நான் விசில் அடித்தபோது பதினொன்று ஆகியிருந்தது.